வர்க்கிப் பொட்டலமும் ராத்திரி 11 மணியும்

குன்னூர் ஹாஸ்டல் அறை, ஜன்னலில் பனிமூட்டம். ஒரு வர்க்கியில் ஆரம்பித்துப் பொட்டலமே காலி, பிறகு வாந்தி. இந்தப் பெண்ணை "நாக்கை அடக்கத் தெரியாதவள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இது புலிமியா, அதாவது அடக்க முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்க வைக்கும் மனநலக் கோளாறு. பகல் முழுக்கப் பட்டினி, சாயந்திரம் போனில் வீட்டார் சொன்ன சுருக்கென்ற வார்த்தை, இரண்டும் சேர்ந்துதான் தூண்டுகிறது. சாப்பிடும்போது மனசு மரத்துப்போகும், கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவமானம், "நாளைக்குச் சாப்பிடவே மாட்டேன்" என்ற சபதம், மறுபடி பட்டினி.

அதனால்தான் சிபிடி என்ற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சையில் (வழக்கமாக 20 வாரம்) முதலில் 3 வேளை சாப்பாடு, 2 சிற்றுண்டி. இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடவே ஒரு நோட்டு. சாப்பிட்டது, அதற்குமுன் இருந்த உணர்வு இரண்டையும் அப்போதே எழுதணும். ராத்திரி மொத்தமாக எழுதினால் கோபம், தனிமை எல்லாம் "டென்ஷன்" என்று ஒரே சொல்லாகிவிடும், தெரபிஸ்ட்டுக்குப் பிடி கிடைக்காது.

வாந்திக்குப் பின் உடனே பல் தேய்க்காதீர்கள், வாய் கொப்பளித்தால் போதும். படபடப்போ மயக்கமோ வந்தால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமா, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.