எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களை மதர்போர்டில் பொருத்திய அனுபவம்

சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்பவர்கள் பிராசசரைப் பொருத்தும்போதுதான் பெரிதும் அஞ்சுகிறார்கள். எனக்கோ, வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கணினிக்குத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கேபிள்களை மதர்போர்டில் செருகுவதுதான் அதைவிடக் கவனத்தைக் கேட்டது. பொருந்தாத இடத்தில் அழுத்தினாலும் கேடு, பொருந்திய இடத்தில் முழுவதும் அழுத்தாமல் விட்டாலும் கேடு. ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 650 வாட் மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றைக் கொண்டு அண்மையில் ஒரு கணினியை உருவாக்கியபோது இந்த வேலையை எப்படிச் செய்து முடித்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கேபினெட்டில் எதையும் பொருத்துவதற்கு முன்பே எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதித்துக்கொண்டேன். பழைய வகைகளில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தால் அது இயங்கத் தொடங்கிவிடும். இப்போது எல்லா ஒயர்களுமே கறுப்பாக வருவதால், 24 பின் கனெக்டரின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணி, 16ஆம் பின்னையும் அதை அடுத்த 17ஆம் பின்னையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகே மின்சாரத்தைக் கொடுத்தேன். 12, 5, 3.3 வோல்ட் ஆகிய மூன்றையும் மல்ட்டிமீட்டரில் அளந்தேன்; ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி, மூன்றுமே அதற்குள் இருந்தன. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாத எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு, ஆகவே ஃபேனைப் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

அடுத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சிபியுவுக்கான, அதாவது பிராசசருக்கான, 8 பின் கேபிளை முதலில் எடுத்தேன். அதன் சாக்கெட் மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கிறது. ஹீட்சிங்க்கும் மேல் ஃபேனும் ஏறிவிட்டால் அங்கே விரல் நுழையாது. எனவே போர்டைத் திருகுவதற்கு முன்பே இந்தக் கேபிளைப் பின்புறத் துளை வழியாக மேலே இழுத்து வைத்துக்கொண்டேன். அந்த மூலையில் அது அமைந்திருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. இந்தப் பிராசசர் அதிகபட்சம் 88 வாட் எடுத்துக்கொள்கிறது. 12 வோல்ட்டில் அது ஏழு ஆம்பியர் சொச்சம்தான். ஆனால் பிராசசருக்குத் தேவையானது ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டிய மின்னழுத்தம் என்பதால், அதற்கு அருகிலுள்ள வி.ஆர்.எம். என்னும் மின்னழுத்த மாற்றிப் பகுதி அதை மாற்றித் தரும்போது ஆம்பியர் எழுபதைத் தொட்டுவிடும். அவ்வளவு மின்னோட்டத்தை நெடுந்தூரம் கொண்டுபோனால் இழப்பு அதிகமாகும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் 8 பின்தான். சிபியு கேபிள் 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கேபிள் 6+2 ஆகப் பிரியும். கிளிப் இருக்கும் வரிசை சிபியு கேபிளில் 12 வோல்ட், கிராபிக்ஸ் கேபிளில் கிரவுண்டு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பலவந்தமாகத் திணித்தால் ஷார்ட் ஆகும். இதைத் தடுக்கத்தான் சில பின்களின் கூடு சதுரமாகவும் சிலவற்றின் கூடு மூலை வெட்டப்பட்டும் அமைந்திருக்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் அந்த வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகினேன். மாடுலர் கேபிள்களில் இன்னொன்றும் உண்டு: எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின்களின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கிடையேகூட அது மாறலாம். கூடவே பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

24 பின் கனெக்டருக்கு நல்ல அழுத்தம் தேவைப்பட்டது. நேராக அழுத்தினால் போர்டு வளைவது கண்ணுக்கே தெரியும். ஆகவே இடக்கை விரல்களைப் போர்டின் விளிம்புக்கு அடியில் முட்டுக்கொடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல அழுத்திக்கொண்டே போனேன். கிளிப்பின் கொக்கி சாக்கெட்டின் மேட்டைத் தாண்டி விழுந்தபோது 'டிக்' என்று கேட்டது. பக்கவாட்டில் குனிந்து பார்த்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். அரைகுறையாகச் செருகப்பட்ட கனெக்டரின் பின்கள் சூடேறிக் கருகும் என்பதால் இந்தப் பார்வையைத் தவிர்க்கவே கூடாது.

முன்பக்க பவர் சுவிட்சின் சிறு ஒயரை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும், எல்.இ.டி. ஒயர்களுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் இணைத்து, எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சைப் போட்டதுமே போர்டில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. கணினி நின்றிருக்கும்போதும் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை அது. பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன்கள் சுற்றின, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. டி.டி.ஆர்.5 ராம் முதன்முறை தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் ஆகும் என்று தெரிந்திருந்ததால் எதையும் தொடாமல் காத்திருந்தேன். பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்புகள்) திரை வந்தபோது அங்கே காட்டிய 12 வோல்ட் அளவு, மல்ட்டிமீட்டரில் கண்டதோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கனெக்டருக்கு மிக அருகில் ஒயர்கள் மடங்காதபடி சற்றுத் தளர்வாக விட்டு, கேபிள்களைப் பின்புறத்தில் டை போட்டுக் கட்டினேன்.