கை வைக்காத நாற்காலி

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணம், கம்பெனிக் கூட்டம், துக்க வீட்டுச் சாப்பாடு என எது வந்தாலும் மேசை நாற்காலி போடுவதும் எடுப்பதும் எங்கள் பாடு. அதிலேயே அதிகம் வேலை வாங்குவதும் எனக்கு அதிகம் பிடித்ததும் பாரம்பரிய இசை, நடன வார இறுதிதான். வெள்ளி மாலை தொடங்கும். பகலில் பயிற்சி வகுப்புகள், இரவில் 'கேய்லி' என்ற கூட்டு நடனம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் பாரில் நாலு பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பெயர் செஷன்.

மற்ற நிகழ்ச்சி என்றால் மேடை எவ்வளவு பெரிது, மைக் எத்தனை என்று கேட்பார்கள். இவர்கள் கேட்பது, கை வைக்காத நாற்காலி எத்தனை இருக்கிறது என்று. பிடில்காரருக்கு வில் இழுக்கக் கை தாராளமாக ஆட வேண்டும். இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பை வாத்தியத்தை வாசிப்பவர் பாடு இன்னும் சிக்கல். அந்த வாத்தியத்தை வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கையால் துருத்தியை இயக்கி, மறு கையடியில் பையை அமுக்கி, குழலின் நுனியைத் தொடைமேல் வைத்து மூடித் திறந்து வாசிக்க வேண்டும். எங்கள் அழகான மெத்தை நாற்காலிகள் அவருக்கு எதிரி. அறை சூடும் அப்படித்தான். சீவாளி நாணலில் செய்தது, காற்று காய்ந்தால் சுருதி கெட்டுவிடும். அதனால் அந்த அறையில் மட்டும் ஹீட்டரைக் குறைத்து வைப்போம். மாணவர்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். 1968இல் இந்த வாத்தியத்துக்கென்று சங்கம் தொடங்கியபோது வாசிப்பவர்கள் அருகிவிட்டிருந்தார்கள். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

வகுப்புகளில் இசைக் குறிப்புத் தாள் அவ்வளவாகத் தென்படாது. ஆசிரியர் ஒரு சின்னத் துண்டை வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்பார்கள், அப்புறம் அடுத்த துண்டு. காலைப் பொழுது முழுக்க ஒரு மெட்டு, மிஞ்சினால் இரண்டு. காதை நம்பி நடக்கிற வகுப்பு என்பதால் பக்கத்து அறைச் சத்தம் உள்ளே வரக் கூடாது. பவுரான் என்ற தோல் மேளத்தின் வகுப்பை எங்கே போடுவது என்பதுதான் ஒவ்வொரு முறையும் தலைவலி. அதன் பக்கத்தில் இருக்க எந்த ஆசிரியரும் சம்மதிப்பதில்லை. கட்டடத்தின் கோடிக்கு, துணி துவைக்கும் அறைப் பக்கம் அனுப்பிவிடுவோம். ஆறெட்டுத் தாளத்தில் வரும் ஜிக் என்ற நடன மெட்டைப் பழக்க 'ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்' என்று சொல்ல வைப்பார்கள். பன்றியிறைச்சித் துண்டும் சாசேஜும் எங்கள் காலைச் சிற்றுண்டி. ஒரு அறையே அதைக் கோரஸாகச் சொல்வதைக் கேட்டு, சமையல்காரர் ஆர்டர் என்று எட்டிப் பார்த்ததும் உண்டு.

நடன வகுப்புக்குத் தரைதான் எல்லாம். கல்யாணம் என்றால் மரத்தரையைப் பளபளப்பாக்குவோம். இதற்கு பாலிஷ் தொடவே கூடாது, கம்பளம் கண்ணில் படக் கூடாது. செட் நடனத்தில் நாலு ஜோடி சதுரமாக நிற்கும். கிளேர்காரர்கள் குதிகாலால் தரையைத் தட்டித் தாளம் சேர்ப்பார்கள். ஆசிரியை வந்ததும் மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் காலால் தட்டிக் கேட்டுவிட்டு, நடுவில் தடுப்பைப் போட்டு மண்டபத்தைப் பாதியாக்கச் சொன்னார். எங்கள் மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாடகை கொடுத்த இடத்தை யாராவது குறைப்பார்களா!

காரணத்தைச் சொன்னவர் எங்கள் பராமரிப்புப் பிரிவுப் பெரியவர். அவருடைய பாட்டி காலத்தில் நடனம் சமையலறையில்தான். மேசையை வெளியே தூக்கி வைத்துவிட்டு எட்டுப் பேர் கல் தரையில் ஆடுவார்களாம். சத்தம் நன்றாக எழும்ப வேண்டும் என்று குதிரை மண்டையோட்டைத் தரைக்கல்லுக்கு அடியில் புதைத்த வீடுகளும் இந்த நாட்டில் உண்டு. 1935இல் நடன மண்டபச் சட்டம் வந்தது. பொது நடனத்துக்கு நீதிமன்ற உரிமம் வேண்டும் என்றார்கள். பாதிரியார்களும் போலீஸும் அதைச் சாக்காக வைத்து வீட்டு நடனத்திலும் கை வைத்தார்கள். ஆட்டம் பெரிய மண்டபங்களுக்குப் போனது. அங்கே இரண்டு பிடில் சத்தம் போதவில்லை. பியானோவும் டிரம்ஸும் சேர்ந்த கேய்லி இசைக்குழுக்கள் பெருகின.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு என் வேலையே வேறு மாதிரித் தெரிந்தது. மூன்று நாள் நாங்கள் செய்வது, ஒரு பெரிய மண்டபத்தை மறுபடி சமையலறையாக்குவது. மேலாளர் செஷனுக்கு மைக் வைக்கலாமா என்று கேட்பார், வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். மெட்டு ஓடும்போது நடுவில் புகுந்து கிளாஸ் எடுக்கக் கூடாது. யாராவது வாத்தியம் இல்லாமல் ஐரிஷ் மொழியில் ஷான்-நோஸ் என்ற பழைய பாணிப் பாட்டு எடுத்தால் காபி இயந்திரம் நிற்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இவைதான். நடனக்காரர்கள் குடிப்பது தண்ணீரும் டீயும்தான் என்பதால் பார் கணக்கில் பெரிதாக ஒன்றும் ஏறாது. அது மேலாளரின் கவலை.

வாசிப்பவர்கள் வட்டமாக, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்காருவார்கள். பாதிப் பேரின் முதுகுதான் நமக்குத் தெரியும். சுற்றுலா வந்த ஒருவர் கவுண்டரில் வந்து, நாற்காலிகளைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், முகமே தெரியவில்லை என்றார். திருப்ப முடியாது சார், வேண்டுமானால் காலையில் பத்து மணிக்குத் தொடக்கநிலை நடன வகுப்பு இருக்கிறது, சேருங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். மறுநாள் ரப்பர் அடி வைத்த ஓட்டப்பந்தய ஷூவோடு வந்து நின்றார். அது தரையைப் பிடித்துக்கொள்ளும், சுழல முடியாது, முழங்கால் போய்விடும் என்று ஆசிரியை திருப்பி அனுப்பினார். பராமரிப்புப் பெரியவர் தன் பழைய தோல் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு அளவு சின்னது. மதியம் நொண்டிக்கொண்டே சாப்பிட வந்தவர், பிற்பகல் வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் தட்டை எடுத்தார்.