பீச் காடு சட்டென்று முடியும் இடம்

இன்று கண்ணில் பட்ட ஒரு படம். மலைமேல் யாரோ அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி. கீழே அடர்பச்சை, மேலே வெறும் புல்.

நியூசிலாந்தின் கிரெய்கிபர்ன் மலைத்தொடர். கோடு சுமார் 1,300–1,400 மீட்டரில். மரம், மலை பீச் (mountain beech; கடற்கரை ‘பீச்’ இல்லை).

இலை கட்டைவிரல் நகம் அளவுதான். நுனி கூர்மை, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும், அடியில் சாம்பல் நிற ரோமம்.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே ஓங்கி வளரும் அதே மரம் எல்லையில் சில மீட்டரோடு நின்றுவிடும்.

ஆனால் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வட அமெரிக்காவிலிருந்து வந்த கண்டோர்டா பைன் அதே சரிவில் கோட்டைத் தாண்டியும் வளர்கிறது!

பீச் தோற்பது நாற்றுப் பருவத்தில். தாய்மர நிழல் இல்லாத வெட்டவெளியில் கோடையிலும் உறைபனி விழும். விடிந்ததும் சுள்ளென்று வெயில். நாற்று கருகிவிடும். காடு மெல்லத் தேயாமல் சட்டென்று முடிவது அதனால்தான்.

மேற்கே மழை கூடினால் எல்லையை வெள்ளி பீச் என்ற இன்னொரு வகை பிடித்துக்கொள்ளும். மலை பீச்சுக்கு வறண்ட கிழக்கும் சத்தில்லாத மண்ணும் போதும்.

கனத்த பனியில் கிளை முறிந்தால் அடுத்து துளைவண்டு வரும், முதிர்ந்த மரங்கள் சாயும். அந்த வெளிச்சத்துக்குத்தான், ஒரு சாண் உயரத்திலேயே பல வருடம் காத்துக்கிடந்த நாற்றுகள் நிமிரும்.