ஸ்பார்ட்டா நீங்கலாக

கிரேக்கர்களை அலெக்சாண்டர் ஒன்றுசேர்த்தார் என்பது பாதி உண்மைதான். கி.மு. 338இல் கைரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் வீழ்த்தி, மறு ஆண்டே கொரிந்தில் கிரேக்க நகர அரசுகளின் கூட்டமைப்பை உருவாக்கியவர் மாசிடோனிய மன்னரான அவர் அப்பா பிலிப். மகன் அதைக் கட்டிக்காத்த விதம் கொடூரம்: கிளர்ச்சி செய்த தீப்ஸை 335இல் தரைமட்டமாக்கினார், கோயில்களையும் கவிஞர் பிண்டாரின் வீட்டையும் மட்டும் விட்டுவைத்தார்.

அடுத்த ஆண்டு கிரானிகஸ் ஆற்றங்கரையில் பாரசீகரை வென்றதும் 300 பாரசீகப் போர்க்கவசங்கள் ஏதென்ஸுக்குப் போயின. கூடவே ஒரு வாசகம்: பிலிப்பின் மகன் அலெக்சாண்டரும், ஸ்பார்ட்டர் நீங்கலாகக் கிரேக்கர்களும் வென்றவை. கூட்டமைப்பில் சேராதவர்களுக்கு வைத்த குட்டு அது. எதிரணியில் கூலிக்குப் போரிட்டவர்களும் கிரேக்கர்களே. பிடிபட்ட சுமார் 2,000 பேர் விலங்கிடப்பட்டு மாசிடோனியாவுக்குப் போனார்கள்!

மாசிடோனியச் சின்னம் யாருக்கு என்ற சண்டை பிற்காலத்தது. 1977இல் வடக்கு கிரீஸின் வெர்கினாவில், பண்டைய மாசிடோனிய அரச கல்லறையில் கிடைத்த தங்கப் பேழையின் மூடியில் 16 கதிர் நட்சத்திரம் இருந்தது. 1992இல் பக்கத்து நாடான மாசிடோனியா (இன்றைய வடக்கு மாசிடோனியா) அதைக் கொடியில் பொறித்ததும், அது தன் சின்னம் என்று கிரீஸ் கொதித்தெழுந்தது. 1995இல் கொடி மாறியது.