சிரிக்கவும் வைக்கணும், சாகடிக்கவும் வேணும்: தேவதைக் கதை சாகசம் எழுதும் ப்ராஜெக்டுக்கு நான் தயாரான விதம்

கேம் டிசைன் படிப்பில் கடைசி செமஸ்டருக்கு டேபிள்டாப் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள்) பேப்பரை எடுத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு வந்த வேலை இதுதான்: நாலு பேர் ஒரே அமர்வில் ஆடி முடிக்கக்கூடிய ஒரு ரோல்பிளேயிங் சாகசத்தை (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதையை) எழுத வேண்டும், தேர்வாளர்கள் முன்னால் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துகிறவராக, உட்கார்ந்து அதில் ஒரு பகுதியை நடத்திக் காட்ட வேண்டும், அப்புறம் வைவா. நான் தேவதைக் கதையை எடுத்தேன். அதையே எடுக்கப் போகிற ஜூனியர்கள் என்ன படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தலைப்பு பார்க்க சுலபமாகத் தெரியும். பேசுகிற பூனை ஒன்று, காளான் வீடு ஒன்று, நடனமாடும் டீ கெட்டில் ஒன்று, கடைசியில் பெரிய ராட்சதன் ஒருவன், முடிந்தது என்று தோன்றும். அப்படி எழுதினால் முதல் அரை மணி நேரம் ஜோக், அதற்கப்புறம் சண்டை என்று சாகசம் இரண்டாகப் பிளந்து நிற்கும், வேடிக்கைக்கும் சாவுக்கும் சம்பந்தமே இருக்காது. பழைய கதைகளில் இந்தப் பிளவு கிடையாது. ஹான்சல், கிரெட்டல் கதையில் இனிப்பு வீடுதான் பொறி. பிள்ளைகள் ஆசையாகப் பிய்த்துத் தின்கிற அதே சுவர்தான் அவர்களை அடுப்பு வரைக்கும் கொண்டுபோகிறது. உங்கள் சாகசத்தில் எது சிரிக்க வைக்கிறதோ அதுவேதான் ஆளைக் கொல்லவும் வேண்டும். நான் படித்தது, எழுதியது, வைவாவில் பேசியது எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

படிப்பைப் பற்றி. கிரிம் சகோதரர்களின் தொகுப்பைக் குழந்தைகளுக்காகச் சுருக்கின வடிவத்தில் படிக்காதீர்கள், முழுசாகப் படியுங்கள். முதல் தொகுதி வந்தது 1812-ல், இரண்டாவது 1815-ல், அவர்கள் கடைசியாகத் திருத்திய பதிப்பு 1857-ல். முதல் பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்கிறவள் 1812-ல் பெற்ற தாயேதான், 1819 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆகிறாள். அம்மாவைப் பார்க்கவே மனசு கூசுகிறது என்று அவளை மாற்றினார்களே தவிர, கடைசியில் அவளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி விழுந்து சாகும் வரை ஆட விடுவதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்! கல்யாண வீட்டில் நடனம், அதுவே மரண தண்டனை. இதை விட நல்ல உதாரணம் உங்களுக்குக் கிடைக்காது.

நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் ப்ராப் 1928-ல் ரஷ்யக் கதைகளைப் பிரித்து வைத்த 31 செயல்பாடுகளை (கதைகளில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வு வகைகளை) எல்லாரும் படிப்பார்கள், படிக்கத்தான் வேண்டும், ஆனால் அந்த 31-ஐயும் வரிசையாக வைத்து சாகசம் எழுதாதீர்கள். அவர் பார்த்தது ஏற்கனவே சொல்லி முடிந்த கதைகளை, அதில் நாயகன் எங்கே போவான் என்பது முடிவாகிவிட்டது. உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அப்படிப் போக மாட்டார்கள். அதிலிருந்து எனக்கு உபயோகப்பட்டது மூன்றுதான்: தடை, தடையை மீறுதல், அப்புறம் நாயகனைச் சோதித்துப் பார்த்து ஒரு மாயப் பொருளைக் கொடுக்கிற ஆள். இந்தத் தடை விஷயத்தில் ஸ்டித் தாம்ப்ஸனின் நாட்டுப்புறக் கதைக்கூறு அட்டவணை ஒரு புதையல். அதில் சி என்ற எழுத்தின் கீழே இருப்பது முழுக்க முழுக்க தடைகள். நுழையக் கூடாத அறை, வேற்றுலகத்தில் சாப்பிடக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. சாகசத்துக்கு என்ன விதி வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதிலாக அந்தப் பகுதியை ஒரு மாலை முழுக்கப் புரட்டினாலே போதும்.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன். நான் எடுத்தது கிரிம் தொகுப்பில் 46-வதாக வரும் ஃபிட்சரின் பறவை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு மந்திரவாதி பிச்சைக்காரன் வேஷத்தில் முதுகில் கூடையோடு வருகிறான், பெண்ணைத் தொட்டால் போதும், அவளாகவே கூடைக்குள் குதித்துவிடுவாள். வீட்டுக்குக் கொண்டுபோய் சாவிக்கொத்தையும் ஒரு முட்டையையும் கொடுத்து, எல்லா அறைக்கும் போகலாம், அந்த ஒரு அறைக்கு மட்டும் போகக் கூடாது, முட்டையை எங்கே போனாலும் கையிலேயே வைத்திரு என்கிறான். மூத்தவள் போய்ப் பார்க்கிறாள், உள்ளே தொட்டி நிறைய ரத்தமும் வெட்டிப்போட்ட உடல்களும் கிடக்கின்றன, முட்டை கைதவறி விழுகிறது, எத்தனை தேய்த்தாலும் கறை போகவில்லை, அவளும் வெட்டுப்படுகிறாள். நடுவுள்ளவளுக்கும் அதே கதி. கடைசிப் பெண் என்ன செய்கிறாள் தெரியுமா? முட்டையைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு அப்புறம் போய்க் கதவைத் திறக்கிறாள்.

இதில் ஒரு சாகசத்துக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன. வாய்விட்டுச் சொல்லப்பட்ட விதி, மீறினால் காட்டிக்கொடுக்கிற சாட்சி, யோசிக்கிறவருக்குக் கிடைக்கிற சந்து. எந்தக் கதையைப் படித்தாலும் இந்த மூன்றை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். சந்து இல்லாத கதையைச் சாகசமாக்க முயலாதீர்கள், அது ஆடுகிறவர்களுக்கு வெறும் தண்டனையாகத்தான் இருக்கும். எந்த விதியும் ஒரு தடவை மட்டும் காதில் விழுந்தால் நிற்காது. ஒரு முடிவுக்கு மூன்று தடயமாவது வை என்று கேம் மாஸ்டர்கள் சொல்வதுண்டு, அதை விதிக்கும் பொருத்துங்கள்: ஒருவர் வாயால் சொல்லட்டும், முன்னால் மீறினவர் கதி எங்காவது தெரியட்டும், ஒரு பொருளே அதைக் காட்டட்டும். சோதனை ஆட்டத்தில் யாராவது "இரு, அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டால் அந்த இடத்தில் இன்னொரு தடயம் தேவை என்று அர்த்தம்.

நான் ஆட்டத்தில் செய்தது, மந்திரவாதி முட்டையைக் கொடுக்கும் காட்சியில் ஒவ்வொருவர் கையிலும் நிஜமாகவே ஒரு பச்சை முட்டையைக் கொடுத்துவிடுவேன். இடது கையில் பிடித்திருக்க வேண்டும், கீழே வைத்தால் கேரக்டரும் வைத்ததாக அர்த்தம், அவ்வளவுதான். உடனே எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு கையில் முட்டையோடு கேரக்டர் ஷீட்டைப் புரட்டுவது, பகடை உருட்டுவது, சிப்ஸ் எடுப்பது எல்லாமே கோமாளித்தனமாக இருக்கும். அந்த அறைக் கதவு வந்ததும் சத்தம் அப்படியே அடங்கும், ஏனென்றால் கையில் இருப்பது உடையும் என்று அவர்களுக்கே தெரியும். எந்த வர்ணனையாலும் அதைக் கொண்டுவர முடியாது. மேசையில் பழைய பேப்பர் விரிக்க மறக்காதீர்கள், அவித்த முட்டையைக் கொடுத்து ஏமாற்றாதீர்கள்.

இனி கொல்லும் பகுதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஹெச்பி (உயிர்ப் புள்ளி) பூஜ்யம் ஆனாலும் ஆள் பொதுவாகச் சாவதில்லை, டி20 (இருபது முகப் பகடை) உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி என்ற கணக்கில் மூன்று தோல்வி வந்தால்தான் சாவு, அதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஒரு குணமாக்கும் மந்திரம் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் ராட்சதனுக்கு இன்னும் ரெண்டு கை, இன்னும் பெரிய கோடரி என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். தேவதைக் கதையில் யாரும் ஹெச்பி தீர்ந்து சாவதில்லையே! சொல்லை மீறித்தான் சாகிறார்கள். ஆகவே சாவை அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். நான் வைத்தது மூன்று படி. முதல் மீறலில் அடையாளம் விழும், முட்டையில் கறை மாதிரி. இரண்டாவதில் ஒன்றை இழப்பீர்கள், குரலோ நிழலோ பெயரோ. மூன்றாவதில் சாவு, பகடை கிடையாது, சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) கிடையாது. பகடையே இல்லாத சாவு அநியாயம் இல்லையா என்று கேட்பார்கள். இரண்டு தடவை எச்சரித்தபின் வருகிற சாவு, திடீரென்று உருண்ட ஒரு எண்ணால் வருகிற சாவை விட நியாயமானது என்பது என் கட்சி, வைவாவிலும் அதையேதான் சொன்னேன்.

பழைய விதிகளிலிருந்து ஒன்றைக் கட்டாயம் திருடிக்கொள்ளுங்கள். 1981-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் பெட்டியில் எதிரே வருகிற ஜந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவார்கள். 2 வந்தால் உடனே பாய்ச்சல், 12 வந்தால் உயிர்த்தோழமை, நடுவில் 6 முதல் 8 வரை அது இன்னும் முடிவு பண்ணவில்லை. கணக்குப் போட்டால் 36-ல் 16 தடவை, அதாவது ஏறக்குறைய 44 சதவீதம், சூனியக்காரி உங்களைத் தின்பதா டீ கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். தேவதைக் கதைக்கு இதை விடப் பொருத்தம் ஏது? மரியாதையாகப் பேசினால், அடுப்புக்குள்ளிருந்து ரொட்டி "எங்களை வெளியே எடு" என்று கத்தும்போது நின்று எடுத்தால், கூட்டல் 2 கொடுங்கள். 36-ல் ஒரு தடவை கிடைத்த தோழமை 36-ல் ஆறு தடவை கிடைக்கும், உடனே பாய்கிற முடிவு அடியோடு காணாமல் போகும். ஹோலே பாட்டி கதையில் ரொட்டிக்கும் ஆப்பிள் மரத்துக்கும் உதவினவள் மேல் பொன்மழை பெய்கிறது, உதவாதவள் மேல் தார் கொட்டுகிறது. அந்த நியாயத்தை ஒரு சின்னக் கூட்டலில் கொண்டுவந்துவிடலாம்.

விடுகதை வைக்கலாமா என்று கேட்டால், ஒரே விடை உள்ள விடுகதை வேண்டாம். விடை தெரியாவிட்டால் ஆட்டம் அங்கேயே உறைந்துவிடும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். நம் வேதாளம் கேட்கிற மாதிரி கேளுங்கள். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் பிணம் மறுபடி முருங்கை மரத்துக்கு. அங்கே எது சொன்னாலும் எதையோ இழக்க வேண்டும் என்பதால் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள். எனக்கு இது மேசையில் ஒரு தடவையும் ஏமாற்றினதில்லை.

வேடிக்கையான ஜந்துக்களை நடிக்கும்போது ஒன்று. அவை ஜோக் அடிக்கக் கூடாது. தொப்பி போட்ட தவளை தன் தொப்பியைப் பற்றி உயிர்போகிற சீரியஸாகப் பேச வேண்டும், சிரிப்பது ஆடுகிறவர்கள் வேலை. கண்ணடித்துக்கொண்டே பேசுகிற தவளைக்கு யாரும் பயப்படப் போவதில்லை.

வைவாவில் முன்னோடிகளைப் பற்றிக் கேட்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கினவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே 1983-ல் ஆலிஸ் கதையை வைத்து இரண்டு சாகசங்கள் வெளியிட்டார், இந்த வகை ஒன்றும் புதுசில்லை. 2021-ல் வந்த வைல்ட் பியாண்ட் த விட்ச்லைட் சாகசத்தைச் சண்டையே போடாமல் முடிக்கலாம். அதைப் படியுங்கள், ஆனால் எனக்கு அது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, பல்லைக் காட்டும் அளவுக்குக் கடிப்பதில்லை. குழந்தைகள் வெட்டுப்படும் கதைகளை வைத்து ஆடுவதால் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் கட்டாயம் வரும். எக்ஸ் அட்டையை மேசை நடுவில் வைத்து, யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுவேன் என்று ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லுங்கள். இது ஆவணத்தில் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

என்னிடம் கேட்டதில் கடினமானவை மூன்று. அவர்கள் அந்த அறைக்குப் போகவே இல்லை என்றால்? அறைக்குள்ளிருந்து அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் குரல் வரும் என்று எழுதி வைத்திருந்தேன், போகாமல் இருப்பதற்கும் ஒரு விலை வேண்டும். வீட்டைக் கொளுத்திவிட்டால்? தாராளமாகக் கொளுத்தட்டும், மூலக் கதையே உறவினர்கள் வீட்டைப் பூட்டித் தீ வைப்பதோடுதான் முடிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அவர்கள் யோசிக்க வேண்டும். மூன்றாவது, முதல் மணி நேரத்திலேயே ஒருவர் கேரக்டர் செத்துப்போனால் மீதி நேரம் அவர் என்ன செய்வார்?

இதற்கும் கதையே விடை வைத்திருந்தது. கடைசித் தங்கை அக்காக்களின் துண்டுகளை ஒழுங்காகச் சேர்த்து வைத்ததும் அவர்கள் உயிர்த்தெழுகிறார்கள். அவர்களைக் கூடையில் தங்கத்துக்கு அடியில் ஒளித்து, மந்திரவாதியையே சுமக்க வைத்து வீட்டுக்கு அனுப்புகிறாள். அவன் இளைப்பாற உட்காரும்போதெல்லாம் கூடைக்குள்ளிருந்து ஒரு குரல், நீ உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது, நட என்கிறது. பாரம் தாங்காமல் அவன் வியர்த்து வழிந்து நடக்கிறான். ஆகவே என் சாகசத்தில் செத்தவர்தான் அந்தக் குரல். மற்றவர்களுக்குத் தெரியாததைக் கூடையிலிருந்து அவர் பார்க்கலாம், ஒரு காட்சிக்கு ஒரு தடவை மந்திரவாதிக்குக் கட்டளை போடலாம், அவன் கேட்டே ஆக வேண்டும். சோதனை ஆட்டங்களில் இது எந்த அளவுக்குப் போனது என்றால், உயிரோடு இருந்த ஒருத்தி அந்தப் பதவி வேண்டும் என்பதற்காகவே முட்டையை வேண்டுமென்றே கீழே போட்டாள். அதைத் தடுக்க விதி போட வேண்டுமா என்று தேர்வாளர் கேட்டார், வேண்டாம் என்றேன்.