இரண்டு டிஎம்

முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் என் வழிகாட்டி கையில் கொடுத்தது ஒரு பட்டியல். ஃபெர்மி விண்தொலைநோக்கி 2008 முதல் வானத்தைக் காமா கதிரில் பார்த்துவருகிறது. 2015-இல் வந்த அதன் மூன்றாவது பட்டியலில் 3,033 புள்ளிகள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னதென்று தெரியாதவை. அவற்றுக்குள் கரும்பொருள் (dark matter, ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே இருப்பு தெரியும் பொருள்) ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர் வரலாம் என்பது ஒரு கணிப்பு. நட்சத்திரமே இல்லாத கரும்பொருள் திரள்கள் நம் பால்வெளியைச் சூழ்ந்திருக்கும் என்று கணினி மாதிரிகள் சொல்கின்றன. அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால், ஏறி இறங்காமல் ஒரே சீராக, கண்ணுக்கோ எக்ஸ் கதிருக்கோ பிடிபடாமல், காமாவில் மட்டும் தெரியும்.

சலித்துச் சலித்து ஒன்றைப் பிடித்தேன். மாதத்துக்கு இரண்டு மூன்று ஃபோட்டான் வந்தாலே அதிகம். எட்டு வருடத் தரவைச் சேர்த்த பிறகுதான் நிறமாலை வரைய முடிந்தது. வரைந்தால், சுமார் 40 ஜிஇவி (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) நிறையுள்ள துகள் அழிந்தால் வரவேண்டிய வளைவு அப்படியே இருந்தது. இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மில்லிநொடி பல்சரும் அதே வளைவைத்தான் காட்டும். அது சில மில்லிநொடிக்கு ஒருமுறை சுழன்று, துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் நட்சத்திரம். வயதானது என்பதால் பால்வெளித் தட்டைவிட்டு விலகியும் கிடக்கும். நம் பால்வெளி மையத்தில் 2009-இல் சுட்டிக்காட்டப்பட்ட, எதிர்பார்த்ததைவிட மிகுதியான காமா கதிர் கரும்பொருளா, பல்சர் கூட்டமா என்ற சண்டையும் இதே குழப்பத்தால்தான் இன்னும் ஓயவில்லை. காமாவை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு வாதாடினாலும் தீராது. பல்சர் என்றால் அதன் துடிப்பு ரேடியோ அலையில் பிடிபடலாம். ரேடியோவிடம்தான் போக வேண்டும்.

புனே அருகே நாராயண்காவ் பக்கம் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இதற்குத் தோதானது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். ஃபெர்மி தரும் இடக்குறிப்பு அவ்வளவு கூர்மையானதல்ல. ஜிஎம்ஆர்டியோ தாழ்ந்த அலைவரிசையில் ஒரு பாகைக்கும் அதிகமான வானத்தை ஒரே பார்வையில் பார்த்துவிடும். இப்படிப்பட்ட பெயர் தெரியாத புள்ளி ஒன்றில், 2.16 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் பல்சரைக் கண்டதாக அங்கிருந்து 2013-இலேயே அறிவித்திருந்தார்கள்.

ரேடியோ நண்பர்களோடு பேசுவதில் ஒரு வேடிக்கை. எங்களுக்கு டிஎம் என்றால் கரும்பொருள், dark matter. அவர்களுக்கு அது சிதறல் அளவு, dispersion measure: வழியிலுள்ள எலக்ட்ரான்களால் தாழ்ந்த அதிர்வெண் எவ்வளவு தாமதமாக வந்துசேர்கிறது என்ற கணக்கு. மின்கம்பி, கைபேசி என்று தரையிலிருந்து வரும் இரைச்சலுக்கு அந்தத் தாமதம் இருக்காது. வானத்திலிருந்து வருவதற்கு இருக்கும்.

ஒரு பின்மதியம் நண்பர் கூப்பிட்டார். "உங்க புள்ளிக்கு டிஎம் கிடைச்சிடுச்சு" என்றார். ஒரு நொடி நெஞ்சு நின்றுவிட்டது. அப்புறம்தான் எந்த டிஎம் என்று உறைத்தது. இரண்டாவது முறை பார்த்தபோதும் அதே சுழற்சிக் காலம், அதே தாமதம். பல்சர்தான்.

என் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு அவர்கள் அறைக்குப் போனேன். பேடா பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.