இன்ஹேலர் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்

காலிப் பெட்டியைக் காட்டி "இதே ஒண்ணு கொடுங்க" என்று இன்ஹேலர் வாங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர்களில் இருக்கும் சால்பியூட்டமால், புடசொனைடு இரண்டுமே ஷெட்யூல் ஹெச் மருந்துகள். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அப்படி வாங்குவது பெரும்பாலும் ஆஸ்தாலின், அதாவது சால்பியூட்டமால் இன்ஹேலர்தான் என்பதே என் கவலை. அது இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. வருஷத்துக்கு 200 பஃப் குப்பி மூன்று காலியானாலே கடும் இளைப்பு வரும் அபாயம் கூடுகிறது. 2019 முதல் கினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதலும் 12 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்கிறது.

முதல் சீட்டுக்குச் செஸ்ட் டாக்டரிடம் போய் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஒருமுறை ஊதச் சொல்லி, சால்பியூட்டமால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். காலையிலேயே ஆஸ்தாலின் இழுத்துவிட்டுப் போனால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதற்காக மூச்சு முட்டும்போது இழுக்காமல் இருக்காதீர்கள். சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சீட்டில் உங்கள் பெயர், முகவரி, தேதி, டாக்டர் கையெழுத்து, அளவு, மொத்த எண்ணிக்கை எல்லாம் வேண்டும். புடசொனைடு கலந்த இன்ஹேலரான "ஃபோராகார்ட்" என்று மட்டும் இருந்தால் போதாது. அதே பெயரில் 100, 200, 400 உண்டு; இன்ஹேலரும் உண்டு, பொடியை உறிஞ்சும் ரோட்டாகேப் குளிகையும் உண்டு. ரோட்டாகேப் கைக்கு வந்து, அதைப் போட்டு உறிஞ்சும் கருவியான ரோட்டாஹேலர் இல்லாததால் அதை மாத்திரை மாதிரி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். "ஃபோராகார்ட் 200 இன்ஹேலர், காலை 2 பஃப், இரவு 2 பஃப், மாதம் ஒன்று, 3 மாதம்" என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். அந்த "3 மாதம்" முக்கியம்: திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தர வேண்டும் என்பது விதி.

ஆன்லைனில் டாக்டரைப் பார்த்து வாங்கும் சீட்டும் 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி செல்லும். டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் பேசாமலே, படிவம் நிரப்பியதும் வந்து விழும் சீட்டை நம்பாதீர்கள்.

இழுத்தும் மூச்சு அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை என்றால் சீட்டைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது தவறு. ஃபோராகார்ட் குப்பியில் 120 பஃப், நாளைக்கு 4 என்றால் 30 நாள் வரும். முடியும் தேதியைத் திறந்த அன்றே குப்பியில் ஒட்டி, ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.